‘உடனே’ என்றால் எத்தனை மணிக்கு?

நான் பத்தாம் தரம் படிக்கும்போது எங்கள் லயத்தில் ஒரு சின்னப் பையனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அப்போது அவனுக்கு நாலு வயசு. கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரியில் மூணு மாசத்துக்கு மேல் இருந்துவிட்டு, மொட்டைத் தலையும் மாஸ்க்குமாக ஹட்டனுக்குத் திரும்பி வந்தான். அவன் அம்மா காம்பிரா வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டி வைத்தார். யாரும் உள்ளே போகக்கூடாது, சளி பிடித்தவர்கள் கிட்டவே வரக்கூடாது. லயத்தில் பலருக்கு அது கோபம். "புள்ளய பாக்க வந்தா கயிறு கட்டி மறிக்கிறா" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அந்த அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து, "பாப்பா, ஒனக்கு சிங்களம் வாசிக்கத் தெரியும்தானே, இதுல என்னா போட்டிருக்குனு சொல்லேன்" என்று கேட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் அது. சிங்களத்தில் அச்சடித்து, ஓரத்தில் பேனையால் ஆங்கிலத்தில் ரெண்டு வரி எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டாம் மொழிச் சிங்களத்தை வைத்து, தெரிந்த அளவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும்."

சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் ஏழு மணிபோல பையனுக்கு உடம்பு சுட்டது. பனடோல் கொடுத்தார்கள், சூடு இறங்கியது. பத்து மணிக்குத் திரும்பவும் ஏறியது. இன்னொரு தரம் பனடோல். "விடிஞ்சதும் முத பஸ்ல ஏறிருவோம்" என்றார் அக்கா. நானும் சரி என்றுதான் சொன்னேன். விடியுமுன் முதல் பஸ் எடுத்து, கொழும்பு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி. பிள்ளைக்கு இரத்த அழுத்தம் விழுந்து நினைவு தப்பியிருந்தது. பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துதான் பிழைத்தான்.

இப்போது அவன் எங்கள் லைன் வாசலில் கிரிக்கெட் ஆடுகிறான். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்த அந்த ‘உடனே’ என்ற சொல் மனசை விட்டுப் போகவே இல்லை. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. எங்கள் லயத்தில் ‘உடனே’ என்றால் முதல் பஸ். அந்தத் தாளை எழுதியவர்களுக்கு ‘உடனே’ என்றால் ஒரு மணித்தியாலம். ரெண்டுக்கும் நடுவில் பதினாலு மணித்தியாலம்.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லுக்கு எப்படி ஒரு பொருள் வந்து சேர்ந்தது என்று தேடுவது வரலாற்று மாணவர் வேலைதானே? அப்படித் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மார்மைட்டில் தொடங்கும் கதை

1845இல் எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பெனட், பெர்லினில் ருடோல்ஃப் விர்ஹோ என்ற இரண்டு மருத்துவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார்கள். செத்தவர்களின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி இருந்தன. விர்ஹோ அதற்கு வைத்த பெயர்தான் லியூகேமியா. பெயர் வைத்து நூறு வருஷம் ஆகியும் மருந்து வரவில்லை. பிள்ளைகளுக்கு வருகிற கடுமையான வகை வந்தால், கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ முடிந்துவிடும்.

மருந்து வந்த வழி நம் பக்கம் வழியாகத்தான் போகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ஒரு வகைக் கடுமையான இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்று வில்ஸ் சந்தேகித்தார். ஆராய்ச்சியின் ஒரு பகுதியை நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் செய்தார். குன்னூர் என்றதும் மலையகத்தில் பலருக்கு ஏதோ ஞாபகம் வரும். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் சனங்கள் வேலைக்குச் சேர்ந்த டான்டீ தோட்டங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

வில்ஸ் கண்டுபிடித்த மருந்து ஒரு சாதாரணப் பொருள்: ஈஸ்ட் சாறு. நம் வீட்டில் பாணில் பூசுகிறோமே, அதே மார்மைட். 1931இல் அவர் இதை வெளியிட்டார். அதற்குள் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்றைக்குக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரை அது.

அடுத்த ஆள் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தில், பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காததால் முழுப் பட்டம் கிடைக்காமல் குறைந்த சான்றிதழோடு வெளியே வந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். 1940இல் நியூயோர்க் பக்கத்தில் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்த குழு அவருடையது.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், லியூகேமியா வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாகப் போவதுபோல் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கிற ஒன்றைக் கொடுத்தால்? சுப்பாராவின் ஆய்வுகூடம் அப்படிப்பட்ட மருந்துகளையும் செய்து அனுப்பியது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 பிள்ளைகள், அவர்களில் 10 பேருக்கு முன்னேற்றம். அது நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் இந்த நோய் ஒரு மருந்துக்கு அடங்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அதே குடும்பத்து மெதொட்ரெக்சேட் இன்றும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம் வேறு. அதே 1948இல், அதே லெடர்லே நிறுவனத்திலிருந்து இன்னொரு மருந்தும் வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டகர் கண்டெடுத்த ஓரியோமைசின். பலவகைக் கிருமிகளை ஒரே நேரத்தில் தாக்குகிற அன்டிபயோட்டிக். புற்றுநோயை அடக்கும் மருந்தும் கிருமியை அடக்கும் மருந்தும் ஒரே கூரையின் கீழிருந்து வந்தன. ஆனால் இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே கட்டிலில் தேவைப்படும் என்று உணர இன்னும் இருபது வருஷம் ஆனது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார். அமெரிக்காவில் இருந்த காலத்தின் பெரும்பகுதி, இந்தியர் என்பதால் அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமை கேட்கவே சட்டத்தில் வழி இருக்கவில்லை. 1946இல்தான் அந்தச் சட்டம் மாறியது. அவர் இறந்து மூன்று மாதத்தில், 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து நம் தாத்தா பாட்டிகள் நாடற்றவர்கள் ஆனார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அந்த மருந்து நம் லயத்துப் பிள்ளைக்கு எப்போது, எப்படி வந்து சேரும் என்ற கேள்விக்கு இரண்டாவது சம்பவம் பதில் சொல்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காய்ச்சல் ஏன் அவ்வளவு அவசரம்?

வேகமாகப் பெருகும் கலங்களைக் கொல்வதுதான் கீமோவின் வேலை. புற்றுநோய்க் கலம் எது, நல்ல கலம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எலும்பு மச்சையில் உருவாகிக்கொண்டிருக்கும் நல்ல வெண்குழியங்களும் சாகும். கிருமி வந்தவுடன் முதலில் ஓடிவரும் நியூட்ரோபில் என்ற வெண்குழியம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அதோடு வாய், குடலின் உள்தோலும் புண்ணாகும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் லயத்தில் "யாரோ சளியோட உள்ள போயிருக்காங்க" என்று பெரிய சண்டை வந்தது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தான கிருமிகளில் பல வெளியிலிருந்து வருவதில்லை. பிள்ளையின் சொந்தக் குடலிலும் தோலிலும் சும்மா வாழ்ந்துகொண்டிருந்தவைதான், காவல் இல்லை என்றதும் இரத்தத்துக்குள் இறங்குகின்றன. கயிறு கட்டுவது தேவைதான், சளியும் சின்னம்மையும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்துத்தான். ஆனால் கயிறு மட்டும் போதாது. அக்கா கவனமில்லாமல் இருந்தார் என்றோ பக்கத்து வீட்டார் பொறுப்பில்லாதவர்கள் என்றோ சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

1950களில் மருந்துகள் கூடின, ஆனால் பிள்ளைகள் இரத்தம் கசிந்தும் கிருமி தொற்றியும் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக் குழுவினர் குருதிச் சிறுதட்டுகளைப் பிரித்து ஏற்றத் தொடங்கியதும் இரத்தக்கசிவு மரணங்கள் குறைந்தன. தொற்று முன்னுக்கு வந்தது. 1966இல் ஜெரால்ட் போடி, ஃப்ரைரைக் முதலானோர் ஒரு எளிய வேலை செய்தார்கள்: நோயாளிகளின் வெண்குழியக் கணக்கையும் தொற்று வந்த நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நியூட்ரோபில் குறையக் குறையத் தொற்று கூடுகிறது, அந்தக் குறைவு நீடிக்க நீடிக்க ஆபத்தும் கூடுகிறது. இன்றைக்கும் கிளினிக்கில் சொல்லும் ‘500க்குக் கீழே கவனம், 100க்குக் கீழே ரொம்பக் கவனம்’ என்ற கணக்கின் அடிப்படை அந்த ஆய்வு.

அந்தக் காலத்தில் நோயாளியைக் கட்டிலோடு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, வெளியிலிருந்து கையுறை வழியாகக் கவனித்தும் பார்த்தார்கள். உள்ளேயே இருக்கும் கிருமிக்குப் பிளாஸ்டிக் என்ன செய்யும்?

பெரிய சிக்கல் இன்னொன்று. நமக்கெல்லாம் தொற்று வந்தால் அடையாளம் தெரியும். புண்ணில் சீழ் பிடிக்கும், சளி மஞ்சளாகும், எக்ஸ்ரேயில் நிழல் விழும். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெண்குழியங்கள்தான். வெண்குழியமே இல்லாத பிள்ளைக்குச் சீழ் எங்கிருந்து வரும்? பார்த்தால் பிள்ளை சும்மா சோர்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும், உள்ளே இரத்தம் முழுக்கக் கிருமி இருக்கும். வெளியே தெரிகிற ஒரே அடையாளம் காய்ச்சல். பனடோல் கொடுத்தால் அந்த ஒரே அடையாளமும் மறைந்துபோகும். அன்றைக்கு ராத்திரி எங்கள் லயத்தில் நடந்தது இதுதான்.

அப்போதைய மருத்துவ வழக்கம் என்னவென்றால், இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்து, அது எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகு மருந்து கொடுப்பது. அதற்கு ஓரிரண்டு நாளாகும். முடிவு வருவதற்குள் பலர் இறந்துபோனார்கள். 1971இல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் குழுவினர் வெளியிட்ட கட்டுரை இந்த வழக்கத்தையே திருப்பிப் போட்டது. வெண்குழியம் குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் இரத்த மாதிரியை எடு, ஆனால் முடிவுக்குக் காத்திருக்காதே. கார்பெனிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு அன்டிபயோட்டிக்குகளை அப்போதே தொடங்கு. மருந்துகளின் பெயர் பிறகு மாறிவிட்டது, விதி மாறவில்லை. ‘உடனே’ என்ற சொல்லுக்குப் பொருள் பிறந்த இடம் இதுதான்.

1977இல் மெம்ஃபிஸ் நகரின் சென்ட் ஜூட் வைத்தியசாலையில் வோல்டர் ஹியூஸ் குழுவினர் இன்னொரு படி போனார்கள். இந்தப் பிள்ளைகளைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றை, கோட்ரைமொக்சசோல் என்ற மலிவான மாத்திரையால் வருமுன்னே தடுக்கலாம் என்று காட்டினார்கள். மாத்திரை எடுத்த 80 பேரில் ஒருவருக்கும் அந்தத் தொற்று வரவில்லை. எடுக்காத 80 பேரில் 17 பேருக்கு வந்தது. அந்த அக்கா நாள் தவறினாலும் கிழமை தவறாமல் கொடுத்த ‘வெள்ள மாத்திர’ அதுதான் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இன்றைக்குப் பல நாடுகளில் ஒரு அளவுகோல் உண்டு: இப்படிப்பட்ட பிள்ளை காய்ச்சலோடு வந்து 60 நிமிடத்துக்குள் முதல் அன்டிபயோட்டிக் ஏறியிருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த 60 நிமிடம் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. லயத்திலிருந்து அந்த வாசல் வரைக்கும் போன நேரத்தை எண்ண அதில் இடம் இல்லை.

மருந்து மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி

1984இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்துடன் சேர்ந்து, எம்சிபி 841 என்ற பொதுவான சிகிச்சை முறையைத் தொடங்கின. முன்பைவிடப் பல பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் சிகிச்சை நடக்கும்போதே தொற்றால் இறப்பது அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த மருந்து கொண்டுவரும் காய்ச்சலையும் சமாளிக்கத் தெரிய வேண்டும். சத்துக் குறைந்த பிள்ளை, தூரத்து ஊர், தாமதமாக வருவது எல்லாம் கணக்கில் சேர்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், வறிய நாடுகளில் 30 வீதத்துக்கும் குறைவு. 2030க்குள் உலகம் முழுக்க குறைந்தது 60 வீதமாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் ஒரு இலக்கு வைத்தார்கள்.

மலையில் ஒரு மணித்தியாலம்

இலங்கையில் சிகிச்சை இலவசம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கீமோவுக்குக் காசு கேட்பதில்லை. இது பெரிய விஷயம், பக்கத்து நாடுகள் பலவற்றில் இப்படி இல்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான் இதன் அருமை நாடு முழுக்கத் தெரிந்தது.

ஆனால் தோட்டத்துக்கு வைத்தியம் வந்த வழி வேறு. 1872லும் 1912லும் வந்த மருத்துவத் தேவைகள் சட்டங்கள், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தோடு கட்டிவைத்தன. தொழிலாளி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதில் முதல் அக்கறை. நாட்டின் மற்றப் பகுதிகளில் அரசு ஆஸ்பத்திரிகள் பெருகின காலத்தில், 1948க்குப் பிறகு, வாக்கில்லாத சனத்துக்கு ஆஸ்பத்திரி கேட்டுப் பேசப் பாராளுமன்றத்தில் ஆள் மிகக் குறைவு. 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆகின, பிறகு சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்தது. ஆனாலும் இன்றைக்கும் பல தோட்டங்களில் முதல் வைத்தியம் டிஸ்பென்சரியில்தான். அங்கே காய்ச்சல் என்றால் பனடோல்தான்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக மஹரகமவுக்கு பஸ்ஸில் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதற்கு முன்னால் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். ராத்திரி என்றால் த்ரீவீல்காரரை எழுப்ப வேண்டும், காசு பேச வேண்டும், யாரிடமாவது கடன் கேட்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் நின்றால் பேர் விழாது, அரைப் பேர்கூட இல்லை. இந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் போகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். 1971இன் விதியைத் திரும்ப வாசித்தால், முதல் டோஸ் மருந்துக்குப் புற்றுநோய் வைத்தியசாலை தேவை என்று அதில் எங்கேயும் இல்லை. இரத்த மாதிரி எடுத்து, நரம்பில் அன்டிபயோட்டிக் ஏற்ற முடிந்த ஆஸ்பத்திரி இருந்தால் தொடங்கிவிடலாம், மாற்றி அனுப்புவது அதற்குப் பிறகு. இந்தியாவின் உதவியோடு கட்டி 2017இல் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க விரிந்த 1990 இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. அன்றைக்கு அந்த அக்கா பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போனதற்குக் காரணம் நான் எழுதிக் கொடுத்த தாள். ‘ஆஸ்பத்திரிக்கு’ என்று எழுதினேன், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அவர் தாள் கொடுத்த ஆஸ்பத்திரிக்கே போனார்.

போன லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அக்காவும் நானும் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்ப எழுதினோம். அவர் பையனுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு பிள்ளைக்கு இப்போது நடக்கிறது. அந்த அம்மாவிடம் வார்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அதைத்தான் முதலில் எழுதினோம். பிறகு:

வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால் மணியைப் பார்த்து எழுதி வை. பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதே. விடியும்வரை காத்திருக்காதே. வார்டு நம்பருக்குக் கோல் எடு. 1990க்குக் கோல் எடு. அவர்கள் சொல்லும் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொள். வரிசையில் நிற்காதே, வாசலிலேயே சொல்.

வாசலில் சொல்ல வேண்டியதைச் சிங்களத்திலேயே, தமிழ் எழுத்தில் எழுதினோம்: "மே ளமயாட்ட கீமோ தெனவா, உண தியெனவா." இந்தப் பிள்ளைக்குக் கீமோ நடக்குது, காய்ச்சல் இருக்குது.

அக்கா அதை நாலைந்து தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கி இது தெரியல பாப்பா" என்றார். எனக்கும் தெரியவில்லை அக்கா என்றேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு மூன்று மொழியும் ஓரளவு தெரியும். உங்கள் தோட்டத்திலும் யாராவது ஒரு தாளோடு வந்து நிற்பார்கள். வாசித்துச் சொல்லும்போது ‘உடனே’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை மணிக்குள், எந்த ஆஸ்பத்திரி, எந்த நம்பர் என்று அவர்களையே வார்டில் கேட்க வைத்து, அதையும் சேர்த்து எழுதுங்கள்.